வளவுக் கீழ்க்காய்நெல்லியில் வைரசை அடக்கும் சரக்கு உண்டா? தாவரச் சாற்றை ஆய்வுகூடத்தில் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி மழை இரண்டு பாட்டம் பெய்துவிட்டால் போதும், கிளிநொச்சிப் பக்கம் வளவெல்லாம் கீழ்க்காய்நெல்லி (கீழாநெல்லி) முளைத்துவிடும். மஞ்சட்காமாலை என்றால் அதை அரைத்து மோரிலோ பாலிலோ கலந்து கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இன்றும் இருக்கிறது. இதில் உண்மையிலேயே வைரசை அடக்கும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று மாணவர்களாவது வருகிறார்கள். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும் வழியை முதலிலிருந்து கடைசிவரை அவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

தொடங்குமுன் ஒரு பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் தியாகராஜன் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஈரலைத் தாக்கிக் காமாலை தரும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரசை நாட்பட்டுச் சுமப்பவர்களுக்குக் கீழ்க்காய்நெல்லித் தூளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரசின் மேற்பரப்புப் புரதம் காணாமல் போனது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் தூள் எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி நடந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்த பரிசோதனைகளில் அந்த முடிவு திரும்ப வரவில்லை. செடியின் இனமா, விளைந்த மண்ணா, பறித்த பருவமா, நோயாளிகளா என்று இன்றும் பேசுகிறார்கள். மனிதரில் செய்த ஆய்வுக்கே அந்த நிலை என்றால், ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிக்குள் நாம் காணும் முடிவை எவ்வளவு கவனமாகக் கையாளவேண்டும் என்று யோசியுங்கள். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் நம் முடிவு பொய்யா என்று நாமே சோதித்துப் பார்க்கும் வேலை. அதைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"இந்தச் செடி வைரசுக்கு எதிரானதா?" என்ற கேள்வியை ஆய்வுகூடத்தில் சோதிக்க முடியாது. எந்தச் செடி, எந்தப் பாகம், எந்தக் கரைப்பானில் எடுத்த சாறு, எந்த வைரசு, எந்தக் கலம் என்று ஐந்தும் தெரிந்தால்தான் அது கேள்வியாகும். (கலம் என்று இங்கே எழுதுவது தமிழ்நாட்டார் செல் என்று சொல்வதைத்தான்.)

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது உதட்டுக் கொப்புளம் தரும் ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 வைரசும் வீரோ கலங்களும். வீரோ என்பது 1962இல் ஜப்பானில் ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலவரிசை. தட்டின் தரையை மூடி வளர்ந்த அந்தக் கலப்படையில் இந்த வைரசு இரண்டு மூன்று நாளில் கண்ணால் எண்ணக்கூடிய ஓட்டைகளைப் போடும். அசைக்கிளோவிர் என்ற நிச்சயமான மருந்தும் இருப்பதால், நம் சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம். டெங்கு வைரசில்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் டெங்குவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட வைரசுக்கொல்லி மருந்து இல்லாததால் ஒப்பிட உறுதியான அளவுகோல் கிடைக்காது. ஹெப்பற்றைற்றிஸ் பி வீரோ கலத்தில் வளராது. ஆகவே உங்கள் சாறு கொப்புள வைரசை அடக்கினாலும் அது காமாலையைப் பற்றி எதையும் சொல்லாது. இந்த வரியை முதல் நாளே குறிப்பேட்டின் முதற் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

சரி, எங்கே செய்வது? சேகரித்தல், உலர்த்தல், சாறெடுத்தல், இரசாயனச் சோதனைகள் எல்லாம் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல்நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பீடங்களிலோ செய்யும் அளவுக்கு எளியவை. கலவளர்ப்பும் வைரசும் சேர்ந்த வேலைக்குப் பெரும்பாலும் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகவேண்டி வரும். அங்கே வைரசியல் ஆய்வுகூடம் ஒன்றுடன் முன்கூட்டியே பேசி, வைரசை அவர்களிடமிருந்தே, எண்ணிக்கை அளந்த நிலையில் பெறுங்கள். நீங்களாக வளர்க்கப் போகவேண்டாம். இன்னொன்று: தாவர இழைய வளர்ப்புக்கு வைத்திருக்கும் லமினார் காற்றுப்பெட்டி காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதும். அதில் வைரசைத் திறக்கவே கூடாது. இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்புப் பெட்டி இருக்கும் இடத்தில்தான் இந்த வேலை.

செடியைச் சரியாக இனங்காணுதல்

கீழ்க்காய்நெல்லி என்று ஊரில் சொல்வது ஒரே செடியை அல்ல. பில்லாந்தஸ் அமாரஸ், பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் யூரினாரியா எல்லாம் அந்தப் பெயருக்குள் வந்துவிடும். பழைய நூல்களில் காணும் பில்லாந்தஸ் நிரூரி என்ற பெயர் பெரும்பாலும் அமாரசைத்தான் குறித்தது. உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு காலையில் வளவுக்குள் குந்துங்கள். இலைகள் வரிசையாக உள்ள சிறுகிளையைத் திருப்பினால் கீழே வரிசையாகப் பச்சைக் காய்கள் தெரியும். காய் மழமழப்பாக இருந்து, பூவில் ஐந்து இதழ் போன்ற பாகங்கள் இருந்தால் அமாரசாக இருக்கலாம். ஆறு இருந்தால் டெபிலிசைச் சந்தேகியுங்கள். தண்டில் செம்மை ஓடி, காயின் தோல் சொரசொரப்பாக இருந்தால் அது யூரினாரியா. பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூ ஊசிமுனை அளவுதான், பொறுமை வேண்டும். பூவும் காயும் வேரும் உள்ள முழுச்செடி ஒன்றைப் பத்திரிகைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, இடம், திகதி, மண், பறித்தவர் பெயர் எழுதி, பேராதனைத் தாவரவியல் பூங்காவில் உள்ள தேசிய தாவர மாதிரிக் களஞ்சியத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த மாதிரி எண் இல்லாத ஆய்வைப் பின்னால் யாரும் சரிபார்க்க முடியாது.

காட்டு மரங்களான வீரை, பாலை, முதிரை, மருது போன்றவற்றில் ஆசை வந்தால் முதலில் வனத் திணைக்களத்திடமோ, சரணாலயமாக இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்திடமோ எழுத்தில் அனுமதி பெறுங்கள். எங்கள் மண்ணில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத நிலம் இன்னும் உண்டு. மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதை மட்டும் நம்பிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். கிராமசேவையாளரிடமும் அந்த ஊராரிடமும் கேட்டுவிட்டுப் போங்கள். முதல் ஆய்வுக்கு வளவுச் செடியே போதும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உலர்த்தலும் சாறெடுத்தலும்

சாறு என்று நான் எழுதுவது பச்சையாகப் பிழிந்ததை அல்ல, கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை நீக்கிப் பெறும் பிசினைத்தான்.

செடியைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாக ஒரு கிழமை உலர்த்துங்கள். மாரியில் பறிப்பதால் பூஞ்சணம் பிடிக்கும் ஆபத்து அதிகம். 40 பாகைக்கு மேற்படாத உலர்த்தியில் வைப்பது பாதுகாப்பு. பிறகு அரைத்துச் சலித்து, 100 கிராம் தூளை 1 லீற்றர் 70 சதவீத எதனோலில் இரண்டு மூன்று நாள், இடையிடையே குலுக்கி ஊறவையுங்கள். வடிதாளில் வடித்து, சுழல் ஆவியாக்கியில் 40 பாகை அளவில் எதனோலைப் போக்கி, மிஞ்சும் நீர்ப்பகுதியை உறைய வைத்து உலர்த்துங்கள். 12 கிராம் கிடைத்தால் விளைச்சல் 12 சதவீதம். இந்த எண் கடைசியில் தேவைப்படும், குறித்து வையுங்கள்.

கூடவே, பரியாரியார் (நாட்டு வைத்தியர்) காய்ச்சுவதுபோல எட்டிலொன்றாக வற்றவைத்த குடிநீர் ஒன்றையும் தயாரியுங்கள். மக்கள் குடிப்பது அதைத்தான், எதனோல் சாற்றை அல்ல. இரண்டும் ஒரே முடிவைத் தரவேண்டும் என்றில்லை. சீன விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, கொதிக்கவைத்து எடுத்த சாற்றில் வீரியம் கெட்டுப்போவதை உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் எடுத்துப் பார்த்தார். அதில் வெளிப்பட்டதுதான் ஆர்ட்டிமிசினின். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மலேரியா வைரசு அல்ல, ஆனாலும் பாடம் நமக்கும் பொருந்தும்: எடுக்கும் முறை மாறினால் நீங்கள் சோதிப்பது வேறொரு பொருள்.

குடிநீர் காய்ச்சும் முறையைக் கேட்கப் போனபோது பரியாரியார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, மண்சட்டியில காய்ச்சுங்கோ. இரும்புச் சட்டியில போட்டால் மருந்து கறுத்துப்போம்." ஆய்வுகூடத்துக்கு வந்து அந்தக் குடிநீரில் இரண்டு துளி பெரிக் குளோரைட்டு விட்டேன். குழாய் மசிபோலக் கறுத்தது. தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்தால் வரும் நிறம் அது. அவர் சட்டியில் கண்டதை நான் சோதனைக்குழாயில் கண்டேன். இந்தத் தனினை மறந்துவிடாதீர்கள், பின்னால் நம்மை ஏமாற்றப்போவது அதுதான்.

உலர்ந்த சாற்றை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் கரைத்து, 0.22 மைக்குரோன் வடியால் வடித்து, சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 20 பாகையில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்க வேண்டாம். மின்வெட்டு வந்தால் அதன் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இதை வளர்ப்பூடகத்தில் 200 மடங்கு ஐதாக்கினால் சாறு ஒரு மில்லிலீற்றருக்கு 500 மைக்குரோகிராம் (கீழே வரும் செறிவுகளும் மில்லிலீற்றருக்குத்தான்), டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதம். அங்கிருந்து பாதி பாதியாக 250, 125, 62.5 என்று இறங்குங்கள். ஆனால் எல்லாக் குழியிலும் டிஎம்எஸ்ஓ அதே 0.5 சதவீதமாகவே இருக்கட்டும். சாறே இல்லாமல் டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள குழிகளும் கட்டாயம் வேண்டும்.

கலத்துக்கு நஞ்சா?

வைரசைத் தொடுமுன் இதை முடிக்கவேண்டும். கலம் செத்துப்போனால் வைரசும் வளராது. அதை வைரசு எதிர்ப்பு என்று எழுதிவிட்டால் அது பொய்.

96 குழித் தட்டில் குழிக்கு 10,000 வீரோ கலங்கள் விட்டு, 37 பாகையில் ஒரு நாள் வளர்த்து, கலங்கள் தரையை மூடியதும் சாற்றை இடுங்கள். பின்னால் வைரசுச் சோதனை எத்தனை மணி நேரம் ஓடுமோ, இதையும் அத்தனை மணி நேரம் விடவேண்டும். 72 மணி நேர வைரசுச் சோதனைக்கு 24 மணி நேர நச்சுச் சோதனை துணை நிற்காது. அப்புறம் எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள கலம் அதை ஊதாவாக மாற்றும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஊதாப் படிகங்களைக் கரைத்து, 570 நானோமீற்றரில் வாசித்தால் எத்தனை பங்கு கலங்கள் பிழைத்தன என்று தெரியும். பாதிக் கலங்கள் சாகும் செறிவைத் தனியே குறியுங்கள்.

இங்கே நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். அதிக செறிவுக் குழிகளில்தான் ஊதா நிறம் கூடுதலாக இருந்தது. சாறு கலங்களை வளர்க்கிறது என்று மகிழ்ந்து, வரைபும் கீறிவிட்டேன். ஏதோ உறுத்த, தட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அந்தக் குழிகளில் ஒட்டியிருந்த கலமே இல்லை. உருண்டு, சுருங்கி, மிதந்துகொண்டிருந்தன. தனின் போன்ற தாவரப் பினோல்கள் கலத்தின் உதவியில்லாமல் தாங்களே எம்டிடியை ஊதாவாக்கும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். மூன்று கிழமை வேலை வீணானது. அன்று முதல், கலமில்லாமல் சாறும் சாயமும் மட்டும் விட்ட குழிகளைத் தட்டின் ஓரத்தில் எப்போதும் வைக்கிறேன். சாயம் இடுமுன் சாற்றைக் கழுவி எடுத்துவிடுகிறேன். வாசிப்பானை நம்புமுன் கண்ணால் பார்க்கிறேன். நீங்களும் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

கலங்களில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பற்றீரியாத் தொற்று இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்திருக்கவேண்டும். அது இருந்தால் எந்த எண்ணையும் நம்பமுடியாது.

வைரசுச் சோதனை

24 குழித் தட்டில் கலங்களைத் தரை மூடும்வரை வளர்த்துக்கொள்ளுங்கள். குழிக்கு 50 முதல் 100 ஓட்டைகள் வரக்கூடிய அளவு வைரசை விட்டு, ஒரு மணி நேரம் 37 பாகையில், கால்மணிக்கு ஒருமுறை தட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஒட்டவிடுங்கள். பின்பு வைரசை எடுத்துவிட்டு, சாறு கலந்த மெதைல்செலுலோஸ் கூழை மேலே ஊற்றுங்கள். கூழ் கெட்டியாக இருப்பதால் வைரசு தூரம் நீந்தமுடியாமல் பக்கத்துக் கலத்துக்கு மட்டுமே பரவும். அதனால் ஒவ்வொரு வைரசும் ஒரு வட்டமாகக் கலங்களைத் தின்னும். இரண்டு மூன்று நாள் கழித்து போமலினால் நிலைநிறுத்தி, கிறிஸ்டல் வயலற் சாயமிட்டுக் கழுவினால் ஊதாத் தரையில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அவற்றை எண்ணவேண்டும். யார் எந்தக் குழியில் என்ன விட்டார் என்று தெரியாத இன்னொருவர் எண்ணினால் இன்னும் நல்லது. நமக்கு வேண்டிய விடையை நம் கண்ணே சிலநேரம் எண்ணித் தந்துவிடும்.

ஒரே தட்டில் வைரசு மட்டும், கலம் மட்டும், வைரசும் டிஎம்எஸ்ஓவும், வைரசும் அசைக்கிளோவிரும் என்று நான்கு வகைக் குழிகள் இருக்கவேண்டும். அசைக்கிளோவிர் குழியில் புள்ளி குறையவில்லையென்றால் அன்றைய தட்டு முழுவதையும் தள்ளிவிடுங்கள், சாற்றின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழிகள். அந்த முழுப் பரிசோதனையையும் வெவ்வேறு நாட்களில் மூன்று முறை. ஒரே நாளில் ஒன்பது குழி போட்டுவிட்டு மூன்று முறை செய்தேன் என்று எழுதக்கூடாது.

கணக்கு சுலபம். வைரசும் டிஎம்எஸ்ஓவும் உள்ள குழியில் சராசரி 80 புள்ளி, சாற்றுக் குழியில் 20 என்றால் 75 சதவீதத் தடுப்பு. பல செறிவுகளில் இப்படிக் கணித்து வரைபில் போட்டால், பாதி குறையும் செறிவு கிடைக்கும். நச்சுச் செறிவை அதனால் வகுங்கள். பாதிக் கலங்களைக் கொல்ல 400 மைக்குரோகிராமும் பாதி வைரசை அடக்க 40உம் வேண்டுமென்றால் தெரிவுச் சுட்டி 10. பத்துக்கு மேல் இருந்தால் தொடர்ந்து பார்க்கலாம் என்பது வழக்கம். இரண்டு மூன்று என்று வந்தால் அது பெரும்பாலும் கலத்தின் நோவுதான். தடுப்புச் செறிவு 100 மைக்குரோகிராமுக்கு மேல் போனால், என் அபிப்பிராயத்தில், அந்தச் சாற்றை விட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது.

எந்த இடத்தில் தடுக்கிறது?

இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. சாற்றை நான்கு விதமாக இட்டுப் பாருங்கள். வைரசு வருமுன் கலத்துக்குக் கொடுத்துக் கழுவுவது ஒன்று. வைரசு ஒட்டும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் கொடுப்பது இரண்டு. வைரசு உள்ளே போன பிறகு கொடுப்பது மூன்று. கலமே இல்லாமல் வைரசையும் சாற்றையும் குழாயில் ஒரு மணி நேரம் கலந்துவைத்து, நூறு மடங்கு ஐதாக்கிப் பிறகு கலத்தில் விடுவது நான்கு. ஐதாக்காவிட்டால் குழாயில் நடந்ததா கலத்தில் நடந்ததா என்று பிரித்தறிய முடியாது.

நான்காவதில் மட்டும் பிரமாதமாக வேலை செய்தால் தனின் வந்துவிட்டது என்று வையுங்கள். துவர்ப்புப் பண்டம் நாக்கில் பட்டதும் நாக்கு வறண்டு பிடிப்பது, தனின் எச்சிற் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால். வைரசின் மேற்புரதத்தையும் அது அப்படியே பிடித்துக்கொள்ளும். கீழ்க்காய்நெல்லியில் கெரானின் போன்ற தனின் வகைகள் தாராளம். தனினைப் பிடித்து வைக்கும் பொலிவினைல்பொலிபைரோலிடோன் தூளுடன் சாற்றைக் குலுக்கி, வடித்து, பெரிக் குளோரைட்டில் கறுக்காததை உறுதிசெய்து மறுபடி சோதியுங்கள். வீரியம் முழுவதும் போய்விட்டால் அது தனினின் வேலை. கொஞ்சமாவது மிஞ்சினால் தேடவேண்டியது அங்கேதான். குலுக்கினால் நுரை நிற்கும் சாறுகளில் சபோனின் இருக்கும். அது கொழுப்பு உறையுள்ள வைரசைச் சவர்க்காரம்போல உடைக்கும், கலத்தையும் உடைக்கும்.

வீரோ கலங்களைப் பற்றி இன்னொன்று. வைரசு வந்தால் பக்கத்துக் கலங்களை எச்சரிக்கும் இன்ரர்பெரோன் என்ற புரதத்தை அவை சுரப்பதில்லை. ஆகவே ஒரு செடி உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வேலை செய்வதாக இருந்தால், இந்தத் தட்டில் அது தெரியவே தெரியாது.

கலவளர்ப்பு வசதி இல்லையென்றால்

பற்றீரியாவைத் தாக்கும் எம்எஸ்2 என்ற பேஜ் வைரசை, அதற்கேற்ற ஈ.கோலை வகையுடன் மென் அகாரில் வளர்த்து, இதே புள்ளி எண்ணும் முறையைப் பழகலாம். ஒரே நாளில் முடிவு தெரியும், மனிதருக்குத் தொற்றாது, சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வுகூடம் போதும். சாறு பற்றீரியாவையே கொல்கிறதா என்று மட்டும் தனியாகப் பார்த்துவிடுங்கள். கை பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அதில் வந்த முடிவை மனித வைரசின் தலையில் கட்டவேண்டாம்.

எழுதும்போதும் சொல்லும்போதும்

சாறு ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்குரோகிராமில் பாதி வைரசைத் தடுத்தது என்று வையுங்கள். ஒரு மனித உடலின் நீர் ஏறக்குறைய 40 லீற்றர். அது முழுவதிலும் அந்தச் செறிவு வர 4 கிராம் சாறு வேண்டும். 12 சதவீத விளைச்சலில் அது 33 கிராம் உலர்தூள், அதுவும் ஒரு துளி வீணாகாமல் குடலால் உறிஞ்சப்பட்டு, ஈரல் ஒன்றையும் சிதைக்காமல் இருந்தால். அப்படி நடப்பதில்லை. இந்தக் கணக்கை உங்கள் அறிக்கையில் போடுங்கள். வன்னியில் ஒரு செய்தி சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் கசாயமாகிவிடும், அதைக் குடிக்கப்போவது நம் அயலவர்தான்.

தட்டின் படத்தைப் பரியாரியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைப் புள்ளிகள் குறைந்துகொண்டு போவதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அப்ப காமாலைக்கு இது சரியெண்டு சொல்லுதோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இது உதட்டுக் கொப்புள வைரசு. அதுவும் தட்டுக்குள்ள மட்டும்தான்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தான் மாரியில் பறித்ததையும் கோடையில் பறித்ததையும் ஒன்றாகக் கணக்கெடுப்பதில்லை என்றார். நான் எடுத்தது எல்லாம் மார்கழியில், ஒரே வளவில் பறித்தது. ஆகவே இப்போது என் உறைபெட்டியில் இரண்டு வரிசை இருக்கிறது. மேல் வரிசையில் மார்கழிச் சாற்றை ஹெக்சேன், எத்தைல் அசற்றேற்று, பியூற்றனோல், நீர் என்ற கரைப்பான்களால் பிரித்த நான்கு பங்குகள், ஒவ்வொன்றும் மேலே சொன்ன அதே சோதனைகளுக்குக் காத்திருக்கிறது. கீழ் வரிசைக் குழாய்கள் வெறுமையாக, திகதிச் சீட்டு மட்டும் ஒட்டியபடி இருக்கின்றன. வளவில் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் ஆறு செடிகள் வைகாசியில் பூத்ததும் அவற்றை நிரப்பவேண்டும்.